புறக்கணிக்கத்தக்கது

திரையில் அது விழவே இல்லை.
ஒரு மணி நேரம் ஓடவிட்டேன், பிறகு ஒரு நாள்,
பிறகு விளையாட்டுக்கு ஒரு வருடம்.
இரண்டு சில்லும் ஒரே கோட்டில், ஒற்றைத் தண்டவாளத்தில்,
மெல்ல ஆடி மெல்ல மீண்டு
டிசம்பர் முடிவிலும் நேராய் நின்றது என் ரோபோ.

இரத்மலானைக் கொட்டிலில்
நாற்பத்துமூன்று வினாடி.
பிறகு இல்ஹாமின் கையில் விழும்.
அவன் காலையிலிருந்தே கையை ஏந்திக்கொண்டுதான் நிற்கிறான்.

பறப்புச்சில்லைக் கடைந்தவன் அவன்.
பஞ்சிகாவத்தையில் நிறுவைக்கு வாங்கிய பித்தளை,
நிமிடத்துக்கு எட்டாயிரம் சுற்று,
காதைக் கிட்ட வைத்தால் பக்கத்து அறைக் கொசு.
பிழை சில்லில் இல்லை என்று
மூன்று மொழியிலும் சொல்லிவிட்டான்.

சரி. பிழை தாளில்.

விண்ணப்பத்தில் நாங்கள் எழுதியது:
உப்புக் காற்று அரிக்கும் கரையோரப் பாதையில்
இரவில் தனியே ஓடி
தண்டவாளத்தின் அடிக்கழுத்தைப் பார்க்கும் கருவி,
ஒருவர் தூக்கக்கூடிய எடை.
பம்பரம் மாதிரியோ, கேட்டார் கணக்காளர்.
ஓம் என்றேன், கையெழுத்து வேண்டியிருந்ததால்.
பம்பரத்துக்குத் தன் பாடு மட்டும்தான்.
இது இன்னொன்றையும் தூக்கி நிறுத்த வேண்டும்.

கிழக்கே சாய்த்தால் கிழக்கே சாயாது,
வடக்கே ஒதுங்கும். சுழல்வதற்கு அப்படியொரு பிடிவாதம்.
அது போதாது.
சில்லை ஏந்தும் சட்டத்தையும்
தலைக்கனமாய்த்தான் பொருத்த வேண்டும்,
அதுவும் தன்பாட்டில் கவிழப் பார்க்க வேண்டும்.
கவிழ்கிற ஒன்று கவிழும்.
கவிழ்கிற இரண்டை ஒரு சுழற்சியில் கட்டினால் நிற்கும்.
மூன்று சரிவராது. இரட்டையாய் இருக்க வேண்டும்.
எங்கள் அக்காவும் அத்தானும், என்றான் தினுக,
பெயரை மட்டும் சொல்லாமல்.

வெள்ளவத்தை. மழை. இரவு இரண்டு மணி.
கீழ்வீட்டில் யாரோ வெளிநாட்டுக்குக் கதைக்கிறார்கள்.
இரண்டாம் சமன்பாட்டின் வாலில்
பென்சிலால் ஒரு வெட்டு, பக்கத்தில் என் கையெழுத்து:
சிறியது, புறக்கணிக்கத்தக்கது.
சட்டத்தின் பேரிங்கில் உராய்வு.

ஊஞ்சலை ஓய்ப்பது, மேசையில் கோப்பையை இருத்துவது,
மழை நாளில் பேருந்தை நிறுத்துவது,
எங்கும் நல்ல பிள்ளை உராய்வு.
இங்கே மட்டும்
ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு நூல் கூட்டுகிறது.
ஒரு நூல், இன்னொரு நூல்,
நாற்பத்துமூன்றாவது வினாடியில் இல்ஹாமின் கை.

வெட்டியதைத் திரும்ப எழுதினேன்.
திரையில் முதல் தடவையாக விழுந்தது.
இவ்வளவு சந்தோஷமாக
ஒன்று விழுவதை நான் பார்த்ததில்லை.

மருந்து ஒரு குறி. கழித்தல் அல்ல, கூட்டல்.
அச்சு ஒதுங்கும்போது மோட்டர் அதை மறிக்கக் கூடாது,
போகிற பக்கமே இன்னும் கொஞ்சம் தள்ள வேண்டும்.
விழுகிறதைத் தள்ளிவிடவோ மிஸ், என்றான் இல்ஹாம்.
ஓம். முந்திக்கொண்டு.

ஆடி மாதம். கடைசி ரயில் போன பிறகு
கேற் காவலர் பியதிலக சீட்டை இரண்டு தரம் வாசித்தார்.
கடல் அலையைப் பாறையில் அடித்து
எங்கள் மேல் தூவிக்கொண்டிருந்தது.
காற்றுக்கு என் தாளில் ஓர் எழுத்துக்கூட இல்லை.

இல்ஹாம் தரைப்பக்கம் நின்றான்.
கடலிலிருந்து தள்ளினால் அந்தப் பக்கம்தானே விழும்.
விட்டேன்.
ஒரு வீச்சு வந்தது, சேட்டெல்லாம் படபடக்க.
ரோபோ கடலுக்குச் சாய்ந்தது.
வந்த காற்றின் மேலேயே தோளைக் கொடுத்து
அப்படியே போனது.

மூன்றாம் வரியில் இருந்திருக்கிறது இது,
எந்த விசைக்கும் அதன் பக்கமே சாயும் என்று.
நான் தீர்த்திருக்கிறேன். வாசித்ததில்லை.

நாற்பத்துமூன்று, என்றான் தினுக சிங்களத்தில்.
நாற்பத்துநான்கு.
பிறகு யாரும் எண்ணவில்லை.
அது தெகிவளைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது,
நிறுத்தும் பொத்தான் என் கையில் இருந்ததை மறந்து
சிலிப்பர் கட்டை தடுக்கத் தடுக்க
நாங்கள் ஓடினோம்.